கால்மாட்டில் ஒரு பெட்டி

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழையில், விருத்தாசலத்தில் நடந்தது இது. நான் உயிர்வேதியியல் ஆராய்ச்சி செய்கிறவள். செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. 'என்னம்மா வேலை பார்க்கிறே?' என்று சொந்தக்காரர்கள் கேட்டால், சொல்லி முடிப்பதற்குள் எனக்கே சலித்துப்போகும். வருடக்கணக்கில் பாடுபட்டுப் பிரித்தெடுத்த அந்தப் புரதத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் அடைத்து, ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மதுரையிலிருந்து சென்னை ஆய்வகத்துக்கு ரயிலில் கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். சூடு பட்டால் போச்சு, முட்டை வெந்த கதைதான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வழியில் தண்டவாளத்தில் வெள்ளம். ரயில் விருத்தாசலத்தோடு நின்றுவிட்டது. கார் அனுப்புகிறோம், வந்து சேர சாயங்காலம் ஆகும் என்றார்கள் சென்னையில். பெட்டிக்குள் ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. ஊரில் முந்தின நாளிலிருந்தே கரண்ட் இல்லை. மருந்துக்கடை, ஐஸ்கிரீம் கடை, எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் ஒரு பீங்கான் பொம்மைக் கடையில், "ஜெனரேட்டர் ஓடுறது அங்க ஒண்ணுலதாங்க" என்று எதிர்ச்சாரியைக் காட்டினார்கள். சாமியானா, நாற்காலி, ஃப்ரீசர் பாக்ஸ் வாடகைக்கு விடும் கடை.

ஆமாம், பிணம் வைக்கும் பெட்டியேதான். கடைக்காரர் மறுபேச்சுப் பேசாமல் திறந்துவிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கொஞ்ச நேரம்தான். கருவேப்பிலங்குறிச்சியில் தன் அப்பா இறந்துவிட்டார் என்று ஒருவர் வேனோடு வந்து நின்றார். மற்ற பெட்டிகளெல்லாம் ஏற்கெனவே வெளியே போயிருந்தன. நான் என் பெட்டியை வெளியே எடுத்தேன். அந்த நேரத்தில் அவரிடம் என்ன கேட்க முடியும்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பாவை இழந்தவர் அழாமல் நிற்க, நான் அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

கடைக்காரர்தான் அவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இது மருந்துங்களா?" என்று கேட்டார் அவர்.

"இல்லீங்க. பின்னால யாராவது மருந்து கண்டுபிடிக்க உதவலாம். உதவாமலும் போகலாம்." பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவர் என் பெட்டியைக் கையால் அளந்து பார்த்தார். "அப்பா குட்டையான ஆளுதாங்க. கால்மாட்டுல எடம் இருக்கும். வண்டில ஏறுங்க."

ஜெனரேட்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். பெரியவரைப் பெட்டியில் கிடத்தி, காலடியில் என் பெட்டியையும் வைத்தபோது, அவருடைய தங்கை முகத்தைச் சுளித்தார். "பொணத்தோட என்னடா பொட்டி?"

"அப்பா காலம்பூரா செராமிக் கம்பெனில வாட்ச்மேன்தான அத்த. இதையும் பாத்துக்குவாரு" என்றார் மகன்.

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பாயில் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரும்மா."

வெளியூரிலிருந்து மகள் வர வேண்டியிருந்ததால், மறுநாள்தான் எடுப்பதாக இருந்தது. மதியம் முழுக்க அந்தப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவரும் அவரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி அழ, ஒரு கட்டத்தில் நானும் அழுதேன். அது என் புரதத்துக்காக இல்லை.

சாயங்காலம் கார் வந்தது. மகன் என் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். ஜில்லென்று இருந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன். அந்த அம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

"சாவு வூட்டுல சொல்லிக்கக் கூடாதும்மா. பேசாம போ."

பேசாமல் வந்துவிட்டேன். பெரியவர் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தப் புரதத்தின் வடிவம் கிடைத்துவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரையின் முடிவில் உதவியவர்களுக்கெல்லாம் பெயர் சொல்லி நன்றி எழுதினோம். இப்போதும் கம்ப்யூட்டர் திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்போது, அதற்கு ஒரு மதியம் முழுக்கக் காவல் இருந்தவரிடம் சொல்லிக்கொள்ளாமல் வந்த அந்த நன்றி பாக்கியாகவே நிற்கிறது.