யாகொதாவின் பதினொரு மணிக் காப்பி

யாகொதா இருபத்திரண்டு வருஷம் எங்கள் ஸாக்ரெப் நகரத்து நாளிதழ் ஒன்றில் பிழை திருத்தியவர். உணவு விடுதியின் விலைப்பட்டியலில் காற்புள்ளி தவறியிருந்தால்கூடப் பேனாவை எடுத்துத் திருத்திக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவார். பத்திரிகை படுத்துவிட்டது. ஓய்வூதியத்துக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கும்போது எங்கள் ஆய்வகத்துக்கு ஒப்பந்த வேலைக்கு வந்தார்.

குரோவாசிய மொழியின் எளிய வாக்கியங்களைக் கணினி தானாகவே பிரித்துப் படிக்கச் செய்வது எங்கள் வேலை. 'மேயர் பாலத்தைத் திறந்தார்' என்றால் திறந்தது யார், எதை, எந்தச் சொல் எதோடு சேரும் என்று அது சொல்ல வேண்டும். அதற்கு முதலில் மனிதர்கள் ஆயிரக்கணக்கான வாக்கியங்களில் கோடு போட்டுக் காட்ட வேண்டும். ஒரே வாக்கியத்தை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்ப்பார்கள். யாகொதா மூன்றாம் மாடியில். மிர்கோ என்ற ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் தரைத்தளத்தில். வாக்கியங்களைப் பற்றி இருவரும் ஒருவருக்கொருவர் மூச்சு விடக்கூடாது. எங்களிடம் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

மே மாதம் இருவரின் கோடுகளும் ஒத்துப்போவது நூற்றுக்கு எண்பத்தேழிலிருந்து தொண்ணூற்றெட்டுக்கு ஏறியது. திட்டத் தலைவி டாக்டர் நெவெங்கா பூரித்துப் போனார். நான் கோப்புகளைத் திறந்து பார்த்தேன். இரண்டு விதமாகவும் கோடு போடக்கூடிய நாற்பது வாக்கியங்களை நான் வேண்டுமென்றே கலந்து வைத்திருந்தேன். நாற்பதிலும் இருவரும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தார்கள். தயங்க வேண்டிய இடத்திலெல்லாம் தயங்காமல் அடித்துச் சொல்ல என் கணினி பழகிவிட்டது.

எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். மறுநாள் பதினொரு மணிக்கு, டிராம் நிறுத்தத்துக்கு எதிரே, இருவரும் தினமும் சேர்ந்து காப்பி குடிக்கும் கடைக்குப் போனேன். காப்பி குடிக்கக்கூடாது என்று எங்கள் ஊரில் எவனும் சட்டம் எழுதமாட்டான், நாங்களும் எழுதவில்லை. இரண்டு கோப்பைகளுக்கு நடுவே வாக்கியத் தாள்கள் கிடந்தன. என்னைப் பார்த்ததும் மிர்கோ சிகரெட் வாங்க எழுந்து போனார்.

“ரெண்டு மாச வேலை! இங்க உட்காந்து பேசி வச்சுக்கிட்டு அங்க போய்ப் போட்டிருக்கீங்க! வெட்கமா இல்ல?”

“கத்தாதீங்க இன்ஜினியரே, டிராம் ஓட்டுறவர் இறங்கி வந்துடப் போறாரு,” என்றார் யாகொதா. பிறகு குரலைத் தாழ்த்தினார். “மார்ச்சுல மிர்கோ சம்சாரம் ஸோர்கா போயிட்டாங்க. அன்னையிலேர்ந்து யார்கிட்டயும் பேச்சில்ல. மக போன் பண்ணாலும் எடுக்கிறதில்ல. ஒருநாள் தாளை நீட்டி, இதுக்கு எப்படிக் கோடு போடுவீங்கன்னு கேட்டேன். வாயத் திறந்தாரு. நான் என்ன பண்ணட்டும்?”

“வேற எதையாவது பேசக் கூடாதா?”

“பேசிப் பாக்காமலா? மழை, கால்பந்து, பக்கத்து வீட்டுக்காரன் நாய்… எதுக்கும் அசையல மனுஷன்.”

என் கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. “வெள்ளிக்கிழமை உங்க ஒப்பந்தத்தப் புதுப்பிக்கிறாங்க. நான் சொல்லல, நீங்களும் சொல்லாதீங்க,” என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நெவெங்கா அந்தத் தொண்ணூற்றெட்டைப் புகழ்ந்து முடிப்பதற்குள் யாகொதா எழுந்துவிட்டார்.

“அது பொய், டாக்டர். நாங்க பேசி வச்சுப் போட்டது. ஆரம்பிச்சது நான்தான். ரெண்டு மாச வேலையத் தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து பண்ணுங்க. ரெண்டு பேர்ல ஒருத்தர் போகணும்னா நான் போறேன். அவருக்குக் காலையில எழுந்து வர்றதுக்கு ஒரு இடம் வேணும்.”

மிர்கோ மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நெவெங்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் வேறு வழியில்லை. யாகொதாவின் ஒப்பந்தம் அன்றோடு முடிந்தது, மிர்கோ வேலையில் தொடர்ந்தார்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, அவர் மேசையில் விட்டுப்போன அகராதியைக் கொடுக்க அதே கடைக்குப் போனேன். யாகொதா டிராமில் வந்து இறங்கி, மிர்கோவுக்கு எதிரே உட்கார்ந்தார். கையில் தாள் இல்லை. நான் பக்கத்து மேசையில் இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருப்பது யாகொதாவுக்கு எவ்வளவு கஷ்டம் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் மூடிக்கொண்டுதான் இருந்தார். காப்பி ஆறிப்போனது.

அரைமணி நேரம் கழித்து மிர்கோ தலையை நிமிர்த்தினார்.

“ஸோர்கா செத்துட்டா, யாகொதா.”

“ஆமா மிர்கோ,” என்றார் யாகொதா. “சொல்லுங்க.”

மிர்கோ ஒன்றரை மணி வரை சொல்லிக்கொண்டிருந்தார். அலுவலகத்திலிருந்து அவரைத் தேடி யாரும் வரவில்லை.