கப்பல் தேதி

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் அனுசுயா பிளானிங் பார்க்கிறாள். எந்த ஆர்டர் எந்தத் தையல் லைனில் ஓட வேண்டும், சாயப்பட்டறையிலிருந்து துணி என்றைக்கு வரும், தைத்த சரக்கு என்றைக்குத் தூத்துக்குடிக்குக் கிளம்பும் என்று முடிவு செய்கிற வேலை. சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்குத் தேதி தவறக்கூடாது, முதலாளிக்குச் செலவு ஏறக்கூடாது, தைப்பவர்களுக்கு லீவும் வேண்டும், ஓவர்டைமும் வேண்டும். எல்லாரையும் சமாளித்துக் கொண்டுபோவதில் அவளுக்குக் கெட்டிக்காரி என்று பேர்.

போன ஆடியில் ஒரு பெரிய ஆர்டருக்குக் கலர் ஒத்துவராமல் துணி மறுபடியும் சாயத்துக்குப் போனது. திரும்பி வந்தபோது கப்பலுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அந்த நேரம் பார்த்து ஓவர்லாக் டெய்லர் ஆரோக்கியராஜ் லீவு கேட்டு வந்து நின்றான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன்.

"அப்பாவுக்கு மேலுக்கு முடியலக்கா. ஒரு எட்டு பாத்துட்டு வந்திருதேன்."

அவன் போனால் அந்த லைன் படுத்துவிடும். கப்பலை விட்டால் விமானத்தில்தான் அனுப்ப வேண்டும். "ஏர்ல போறதுன்னா நாம தெச்சதே வீண் அம்மிணி" என்று முதலாளி கிட்டுசாமி காலையிலேயே சொல்லியிருந்தார்.

"சனிக்கிழமை கன்டெய்னர் ஏறிரட்டுங்க தம்பி. அன்னைக்கே உங்கள பஸ் ஏத்தி விடறேன்" என்றாள் அனுசுயா. அவன் தலையாட்டிவிட்டு மிஷினுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை மதியம் அவன் அப்பா இறந்துவிட்டதாகப் போன் வந்தது. அனுசுயா கம்பெனி வண்டியிலேயே அவனை ஊருக்கு அனுப்பினாள். மிச்சத்தை மற்றவர்கள் தைத்து முடித்தார்கள். சரக்கு சொன்ன நாளில் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தது. ஆனால் கப்பல் வரவில்லை. கன்டெய்னர் பல நாள் துறைமுகத்திலேயே கிடந்தது. அது தெரிந்த அன்று அவள் மதியச் சோற்றைத் தொடவில்லை.

ஆரோக்கியராஜ் திரும்பி வந்ததும் அவன் மிஷின் பக்கத்தில் போய் நின்றாள்.

"அன்னைக்கே உங்கள உட்டிருக்கோணுங்க தம்பி."

"நீங்க என்னக்கா செய்வீய. போயிருந்தா ரெண்டு வார்த்த பேசியிருப்பேன். அவ்வளவுதான்" என்று ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னான்.

அடுத்த மீட்டிங்கில் அனுசுயா கிட்டுசாமியிடம் சொன்னாள்: "ஒவ்வொரு லைன்லயும் நாலு பேரு லீவுல இருப்பாங்கன்னு வெச்சுத்தானுங்க இனி பிளான் போடுவேன். அதுக்கு மேல ஆர்டர் எடுக்க வேண்டாங்க."

"அப்ப வர்ற ஆர்டர அடுத்தவனுக்குத் தூக்கிக் குடுக்கச் சொல்ற?"

"சிலத குடுக்கத்தானுங்க வேணும்."

அவர் ஆர்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "ஒரு சீசன் பாக்கலாம்" என்றார்.

அந்த சீசனில் ஒரு ஆர்டர் கைவிட்டுப் போனது. லீவு கேட்டவர்களெல்லாம் ஊருக்குப் போய் வந்தார்கள். ஓவர்டைம் குறைந்ததில் சிலர் அனுசுயாவிடம் முகத்துக்கு நேராகவே கோபப்பட்டார்கள். தங்கச்சி கல்யாணத்தை முன்னிட்டு ஆரோக்கியராஜும் ஓவர்டைம் கிடைக்கிற நல்லூர் கம்பெனிக்கு மாறினான். சொல்லிக்கொண்டுதான் போனான். வேறு ஆள் கிடைக்கும்வரை அனுசுயா அந்த லைனுக்குக் குறைத்தே பிளான் போட்டாள்.