ஃபுளூட் வரியை நீக்கவும்

1. தபாலில் வந்த ஸ்கோர்

பென்ஷன் எடுத்த பிறகு நான் பார்க்கும் வேலைக்குச் சரியான பெயர் கிடையாது. கேகாலையில் இளைஞர்கள் சேர்ந்து நடத்தும் ஓர்க்கெஸ்ட்ரா ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து யாராவது இசை அமைத்து அனுப்பினால் அந்த ஸ்கோரை, அதாவது எல்லா வாத்தியங்களுக்குமான இசைப் பிரதியை, முதலில் நான் பார்ப்பேன். எந்த வாத்தியத்தால் எது முடியும், எது முடியாது, எங்கே நெரிசல், எங்கே வெறுமை என்று குறித்துக் கொடுப்பேன். அதை வைத்துத்தான் வாசிக்க எடுப்பதா இல்லையா என்று கண்டக்டர் நிஹால் தீர்மானிப்பார். புளத்கொகுபிட்டியப் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பத்தொரு வருடம் மேற்கத்திய சங்கீதம் படிப்பித்தவன் என்பதால் என் சொல்லுக்கு அங்கே மறுபேச்சு இருப்பதில்லை.

ஒரு திங்கட்கிழமை தபாலில் தடித்த உறை வந்தது. அனுப்பியவர் தவமணி. எங்கள் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பிள்ளை மடுவத்தைப் பொறுப்பாகப் பார்ப்பவர். ரப்பர் மரங்களில் பால்வெட்டுக்குப் போகும் தாய்மார் காலையில் குழந்தைகளை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். கோயில் பாட்டுக் குழுவில் கீபோர்ட் பழகி, கம்ப்யூட்டரில் நொட்டேஷன் எழுதத் தானே கற்றுக்கொண்டவர் என்று கடிதத்தில் இருந்தது. உள்ளே முப்பத்தெட்டுப் பக்க ஸ்கோர். ஒரு வீடியோ கேமின் இசையை முழு ஓர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்திருந்தார்.

கடிதத்தின் கடைசி வரி இது: "கொஞ்சம் சீக்கிரம் பாத்துச் சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்குங்க சேர்."

எல்லோருக்கும் அவசரம்தான் என்று நினைத்துக்கொண்டேன். கேம் மியூசிக் என்றதும் ஆர்வமும் போய்விட்டது. வகுப்பில் மேசைக்கடியில் போனை ஒளித்து விளையாடிய பிள்ளைகளோடு எத்தனையோ வருடம் மல்லுக்கட்டியவன் நான். உறையை அலமாரியில் வைத்தேன். மூன்று வாரம் அது அங்கேயே கிடந்தது. எனக்கு அப்போது வேறு வேலை ஒன்றும் இருக்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

2. நான்கு பக்கம்

நிஹால் போன் பண்ணி ஞாபகப்படுத்தினார். வரும் சனிக்கிழமை புதிய ஸ்கோர்களை ஓர்க்கெஸ்ட்ரா ஒருமுறை வாசித்துப் பார்க்கப்போகிறது, அதற்குள் என் குறிப்பு வேண்டும் என்றார். புதன்கிழமை உட்கார்ந்தேன்.

வேலையை நான் சரியாகத்தான் செய்தேன். மகளிடம் சொல்லி அந்த கேமின் இசையைத் தேடி எடுத்து மூன்று தடவை கேட்டேன். ஒரு படகுக்காரன் தீவு தீவாகப் போய் அணைந்த விளக்குகளை ஏற்றுகிற விளையாட்டாம். சின்ன மெட்டு. முடிவே இல்லாமல் சுற்றிச் சுற்றி வரும். விளையாடுகிறவன் எவ்வளவு நேரம் எடுப்பான் என்று யாருக்கும் தெரியாததால் கேம் இசையை அப்படித்தான் எழுதுவார்கள். தவமணி அந்தச் சுற்றைப் பதினொரு தடவை அப்படியே எழுதி, கடைசியில் திடீரென்று நிறுத்தியிருந்தார். திரையைப் பார்த்துக்கொண்டு கையால் விளையாடுகிறவனுக்கு இது போதும், ஹாலில் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு நாலாவது சுற்றிலேயே அலுத்துவிடும் என்று எழுதினேன். ஹார்ன் வாசிப்பவருக்குத் தொடர்ந்து நாற்பது பார், அதாவது நாற்பது தாளக் கட்டம், மூச்சுவிட இடமில்லை. ஓபோவுக்கு அதால் எட்ட முடியாத கீழ் ஸ்வரம் கொடுக்கப்பட்டிருக்கிறது. செலோ, பேஸ், பஸூன் மூன்றும் ஒரே வரியை வாசிப்பதால் அடியில் சேறு கலக்கிய மாதிரி ஆகிவிடுகிறது. எல்லாம் உண்மையான குறைகள். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஐந்தாவது சுற்றிலிருந்து ஃபுளூட்டில் ஒரு தனி வரி வந்தது. மூல இசையில் அது கிடையாது. மெட்டோடு சேராமல், கொஞ்சம் முந்தியும் பிந்தியும், சில இடங்களில் மற்ற வாத்தியங்கள் சேர்ந்து ஒலிக்கும் கோர்டுக்கு அரை ஸ்வரம் தள்ளியும் போனது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, "எங்கிருந்து வந்தது? மூலத்தில் இல்லை. தேவையற்றது. ஃபுளூட் வரியை நீக்கவும்" என்று எழுதினேன்.

மொத்தம் நான்கு பக்கம். முடிவில், "இந்த நிலையில் வாசிப்புக்கு எடுக்க வேண்டாம்" என்று சேர்த்தேன். வியாழக்கிழமை நிஹாலுக்கும் தவமணிக்கும் அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை அந்த ஸ்கோர் வாசிக்கப்படவில்லை.

3. ஒத்திகை

இரண்டரை மாதம் கழித்துத் திருத்திய பிரதி வந்தது. பிரித்துப் பார்த்து அசந்துபோனேன். நான் சொன்ன ஒவ்வொன்றையும் செய்திருந்தார். பதினொரு சுற்று ஐந்தாகியிருந்தது. ஒவ்வொரு சுற்றும் வேறு வாத்தியத்தில், வேறு கனத்தில் வந்தது. ஹார்னுக்கு ஓய்வு இருந்தது. முடிவு மெதுவாக அடங்கியது. ஃபுளூட் வரி இல்லை. மிக நல்ல வேலை, வாசிக்கலாம் என்று அன்றே நிஹாலிடம் சொன்னேன்.

ஒத்திகைக்கு நானும் போனேன். தவமணியை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான உடம்பு, பேச்சு மிகவும் குறைவு. வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். பக்கத்தில் அவருடைய அம்மா. வாசிப்பு முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அந்த அம்மா மட்டும் மகளிடம் மெதுவாகக் கேட்டார்:

"நம்ம தம்பி சீட்டியடிக்கிறது எங்கடி? அது வரலையே."

தவமணி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினார். தேநீர் நேரத்தில் தவமணியிடம் அந்தச் சீட்டியைப் பற்றித் தனியாகக் கேட்டேன்.

அவருடைய தம்பி மோகன் ரப்பர் ஃபெக்டரியில் வேலை பார்த்தவன். இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தடவை கேகாலை ஆஸ்பத்திரிக்கு டயலிசிஸுக்குப் போய்வந்தான். அக்காதான் கூடப் போவார். நான்கு மணித்தியாலம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுக்க ஒரு கையால் அந்தப் படகு விளையாட்டை விளையாடுவான். இசையோடு சேர்ந்து சீட்டியடிப்பான். பக்கத்துக் கட்டில் சிங்கள ஐயாவும் அதைக் கேட்டுப் பழகி, அவன் நிறுத்தினால், "ஆய்த் கஹன்ட புதா", இன்னும் ஒருக்கா அடி மகனே, என்பாராம். இதைப் பெரிய ஓர்க்கெஸ்ட்ரா வாசித்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் மோகன் அக்காவிடம் கேட்டிருக்கிறான். அவர் எழுதத் தொடங்கியது அதற்காகத்தான். ஃபுளூட் வரி அவனுடைய சீட்டி.

அவனுக்கு டயலிசிஸ் நாள் புதனும் சனியும். ஓர்க்கெஸ்ட்ரா வாசித்துப் பார்க்கும் நாளும் சனி. ஆஸ்பத்திரியிலிருந்து ஹால் த்ரீவீலில் பத்து நிமிடம். டயலிசிஸ் முடிந்ததும் அவனைக் கூட்டிவந்து கடைசி வரிசையில் உட்கார வைக்க எண்ணியிருந்தார். அந்தச் சனிக்கிழமை கழிந்து பதினாறாம் நாள் மோகன் இறந்துவிட்டான்.

"கடிதத்துல ஒரு வார்த்தை எழுதியிருக்கலாமேம்மா," என்றேன்.

"எழுதலைங்க சேர். பரிதாபப்பட்டு எடுத்தாங்கன்னு இருக்கக் கூடாதுன்னு நெனச்சேன். அவனுக்கும் அது புடிக்காது."

மன்னிப்புக் கேட்டேன். அந்த வரியை இப்போதே திரும்பச் சேர்த்துவிடலாம், நிஹாலிடம் நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"வேணாங்க சேர். நீங்க எழுதினது சரிதான். அந்த எடத்துல அது இடிக்குது. அவன் சுருதி சேராமத்தான் அடிப்பான். இப்ப சேத்தா கேக்கிறவங்களுக்குப் பிழையாத்தான் கேக்கும். அவன் இருந்திருந்தா சிரிச்சிருப்பான். இப்ப யாரு சிரிக்கிறது?"

சொல்லிவிட்டு அம்மாவுக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனார். நான் அங்கேயே நின்றேன். விமர்சனத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த ஒருவரை அதற்கு முன் நான் சந்தித்ததில்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

4. கச்சேரிக்குப் பிறகு

கச்சேரி நன்றாக நடந்தது. ஐந்து சுற்று, பிழையில்லாத வாசிப்பு. நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். மூன்றாவது சுற்றில் ஃபுளூட் வாசிக்கிற பெண் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். அங்கே அவளுக்கு ஓய்வு. அந்தப் பதினாறு பாரும் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

முடிந்ததும் தவமணி என்னிடம் வந்து கேட்டது ஒன்றே ஒன்று: "இப்ப சரியா இருந்துச்சுங்களா சேர்?"

"சரியா இருந்துச்சும்மா," என்றேன். வேறு என்ன சொல்வது? சரியாகத்தான் இருந்தது.

சில மாதம் கழித்துப் போன் பண்ணி வேறு ஏதாவது எழுதுகிறாரா என்று கேட்டேன். ஒன்றும் வரவில்லை, பிள்ளை மடுவத்தில் வேலை கூட, அம்மாவுக்கும் உடம்பு சரியில்லை என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் தொந்தரவு செய்யவில்லை.

இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் குறைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று என்னிடம் கேட்கிறார்கள். அது பழகப் பழக வந்துவிடும். நான் சொல்வது வேறு. ஸ்கோர் கையில் கிடைத்த அன்றே அனுப்பியவருக்குப் போன் பண்ணுங்கள். இதை யார் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள், எப்போது கேட்க வேண்டும் என்று விசாரியுங்கள். பேனையைப் பிறகு எடுக்கலாம்.

நான் அன்றைக்கு அதைக் கேட்டிருந்தாலும் அதே நான்கு பக்கத்தைத்தான் எழுதியிருப்பேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை, அத்தனை பிழைகளோடும் பதினொரு சுற்றும், ஒரு தடவை வாசிக்க விட்டிருப்பேன். குறிப்பைத் திங்கட்கிழமை அனுப்பியிருக்கலாம்.