ரோஜா அத்தரில் ஏலக்காய்த் தூசு

பெருநாளுக்கு வந்திருந்த அக்கா கழுத்தில் ரோஜா அத்தரைத் தடவி, அதன்மேல் ஏலக்காய் அத்தரையும் தொட்டுக்கொண்டாள். என் மூன்று வயது மகள் அங்கேயே முகம் புதைத்து, "பெரியம்மா வாசம்" என்றாள். சின்னப் பிள்ளைக்கு இவ்வளவு வாசனை ஆகுமா என்று கேட்க நினைத்தேன். என் கவலை அதுவல்ல என்று எனக்கே தெரிந்தது.

எட்டு வயதிலும் இப்படித்தான் பொறாமையில் எரிந்தேன். போடியில் எங்கள் ஏலக்காய்க் கடையிலிருந்து வீடு திரும்பும் அத்தா, தன் இரு மகள்களில் ரோஜா அத்தர் மணக்கும் அக்காவைத்தான் முதலில் அணைப்பார். ஒருநாள் கடையில் கூட்டிய ஏலக்காய்த் தூசை அவள் குப்பியில் கொட்டினேன். எங்களுக்கு அது வேலை வாசம், யாரும் பூசிக்கொள்வதில்லை. அத்தர் கெட்டுவிடும் என்று நம்பினேன்.

மறுவாரம் அத்தா அவளை முகர்ந்து, "என்ன புள்ள போட்ட? இம்புட்டு மணக்குது!" என்றார்.

"ரெண்டைக் கலந்தேன் அத்தா" என்றாள் அக்கா, கொஞ்சமும் கூசாமல். அடிக்குப் பயந்து நான் வாய் திறக்கவில்லை.

இன்று சொல்லிவிட்டேன். "அக்கா, அந்தத் தூசைப் போட்டது நாந்தான்."

"தெரியும்டி. அன்னைக்கே ஒன் கையெல்லாம் அத்தர் மணந்துச்சே."

"பெறகு ஏன் காட்டிக் குடுக்கல?"

"குடுத்திருந்தா, கலந்தது நீதான்னு அத்தா ஒன்னத்தான கொஞ்சியிருப்பாரு."