புழுக்கை அடுப்பு

அன்று பிள்ளைக் காம்பராவில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். அத்தை இருந்தாள். மலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளை அங்கே பார்த்துக்கொள்வது அவள் வேலை. மாமா இருந்தார், முழங்கை வரை கரியோடு. கணக்கப்பிள்ளை ஐயா வாசலில் குடையோடு நின்றார். அம்மா தம்பிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்திருந்தாள். தம்பி தொட்டிலில் கிடந்தான். நான் தொட்டில் கயிற்றைப் பிடித்திருந்தேன். எனக்கு எட்டு வயது. மற்றக் குழந்தைகள் தூங்கினார்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

அடுப்பும் இருந்தது. அதுவும் தூங்கியது. அதுதான் பிரச்சினை.

அந்த அடுப்பு தோட்டத்துக்கு வந்த கதை சின்னது. தேயிலை பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவரும் கிழவியும் மார்கழிப் பனியில் பிள்ளைகள் நடுங்குவதைப் பார்த்தார்கள். ஊருக்குப் போய் ஓர் அடுப்பை அனுப்பினார்கள். கறுப்பு இரும்புப் பெட்டி. முன்னால் கண்ணாடிக் கதவு. விறகு போடக் கூடாது. மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்ன உருளைகளை மேலே கொட்ட வேண்டும். அதுவே எடுத்து எரித்துக்கொள்ளும். கரண்டும் வேண்டும். அந்த உருளைகள் பார்வைக்கு ஆட்டுப் புழுக்கை மாதிரியே இருந்தன. முதல் நாளே நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். புழுக்கை அடுப்பு.

ஹட்டனிலிருந்து ஒரு மேசன் பாஸ் வந்து சுவரில் இரண்டு ஓட்டை போட்டுக் குழாய் வைத்தார். மேலே உள்ளது புகை போக என்று எல்லோருக்கும் தெரிந்தது, புகை போனதால். கீழே உள்ளது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. அவரும் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டார். அடுப்போடு வந்த புத்தகத்தில் எங்களுக்குப் படம் மட்டும்தான் புரிந்தது. ஒரு அம்மாள் அடுப்பு முன்னால் நாயோடு உட்கார்ந்து சிரித்தாள். அப்படிச் சிரிக்க எங்கள் அத்தைக்கு வாய்க்கவில்லை.

காலையில் அத்தை பொத்தானை அமுக்குவாள். எரியும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நெருப்பு சிவப்பாகும். சோம்பலாக ஆடும். கண்ணாடி கறுக்கும். பிறகு அடுப்பு கீங் கீங் என்று கத்தும். சிவப்பு விளக்கு மின்னும். அணைந்துவிடும். மறுபடி அமுக்கினால் மறுபடி அப்படியே.

சாயந்தரம் மாமா வருவார். மாமா அம்மாவின் தம்பி. பெக்டரியில் தேயிலை காயவைக்கிற பெரிய அடுப்புக்கு விறகு தள்ளுகிற வேலை. நெருப்பு என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் வந்து பொத்தானை அமுக்குவார். எரியும். எரிந்துகொண்டே இருக்கும். மாமா அத்தையைப் பார்ப்பார்.

“நல்லாத்தானே எரியிது மதினி.”

“ஆமா. என்னக் கண்டா அணையிது, ஒன்னக் கண்டா எரியிது. ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகலன்னு அதுக்கும் தெரிஞ்சிருக்கு.”

சிரித்துவிட்டுச் சொன்னாலும் அத்தைக்கு உள்ளே சுட்டது. தோட்டத்தில் பேச்சு வந்துவிட்டது. அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்றார்கள். கணக்கப்பிள்ளை ஐயா வந்து சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமைக்குள் சரியாக எரியாவிட்டால் துரை அதை பங்களாவுக்குத் தூக்கச் சொல்லிவிட்டார். சும்மா கிடக்கிற சாமான் பங்களாவில் எரியட்டும் என்று.

பங்களாவுக்குப் போன சாமான் திரும்பி வந்ததில்லை.

அம்மா அதைக் கேட்டுத் தம்பியைப் பார்த்தாள். தம்பிக்கு அப்போது ஆறு மாதம். மூச்சு விடும்போது நெஞ்சில் கிர் கிர் என்று சத்தம் வரும். டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்துவிட்டு, குளிர் படாமல் வைத்துக்கொள் என்றார்கள். லயத்தில் எங்கே குளிர் படாத இடம்? அப்பா கொழும்பில் கடையில் நின்றார். அம்மா விடிந்ததும் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போயே ஆக வேண்டும். அந்த அடுப்பு பக்கத்தில் தம்பியின் தொட்டிலைக் கட்டச் சொல்லிக் கேட்டது அம்மாதான். அத்தை கட்டிக் கொடுத்தாள். கட்டும்போது ஒரு வார்த்தை சொல்லாமல் இல்லை.

“ஒன் மகனுக்கு மட்டுந்தான் குளிரா புள்ள? மத்ததெல்லாம் கல்லுலயா செஞ்சது?”

அம்மாவும் விடவில்லை. “அடுப்பு எரியட்டும் மதினி, அப்பறம் பேசுவோம்.”

இரண்டு பேருக்கும் இடையில் இப்படித்தான் நடக்கும். சண்டை என்றும் சொல்ல முடியாது. சமாதானம் என்றும் சொல்ல முடியாது.

மாமா சாயந்தரம் சாயந்தரமாக வைத்தியம் பார்த்தார். முதலில் சாம்பல் என்றார். நெருப்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டினார். எரிந்தது. காலையில் அணைந்தது. அடுத்து, புழுக்கை பனியில் நமுத்துப்போச்சு என்றார். ஒரு மூட்டையை பெக்டரிக்குத் தூக்கிப் போய் அடுப்பு ஓரத்தில் காயவைத்துக் கொண்டுவந்தார். அதில் தேயிலை வாசம் அடித்தது. எரிந்தது. காலையில் அணைந்தது. அடுத்து பின்பக்கத்தைக் கழற்றி உள்ளே இருந்த சின்ன விசிறியைக் கோழி இறகால் துடைத்தார். எரிந்தது. காலையில் அணைந்தது. கடைசியில், காலையில் கரண்ட் மெலிசு என்றார்.

“கரண்ட்டு என்னா கஞ்சியா, மெலிசா இருக்க?” என்று அத்தை கேட்டாள்.

மாமா கரண்டியை எடுத்து மறுபடி சுரண்டினார்.

எனக்குப் பள்ளிக்கூட லீவு. காலையில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பின்பக்கப் பாதையால் மலைக்கு ஏறுவாள். நான் உள்ளே தொட்டிலாட்டுவேன். அம்மா போன கொஞ்ச நேரத்தில் அடுப்பு அணைந்துவிடும். அம்மா போவது பிடிக்காமல் அணைகிறது என்று நினைத்தேன். எனக்கும் பிடிக்காது. அதனால் அதன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. பனிக்குக் கொழுந்து குறைந்து பெக்டரி ஒரு நாள் நின்றது. மாமா காலையிலேயே வந்துவிட்டார். பால் இல்லாத பிளேண்டிக் கோப்பையோடு அடுப்பு முன்னால் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். அத்தை பொத்தானை அமுக்கினாள். எரிந்தது. மாமா அசையவில்லை. நெருப்பு சிவந்தது. சோம்பியது. கண்ணாடியில் கரி ஏறியது.

“இது பசியில சாகல மதினி,” என்றார் மாமா. “மூச்சு முட்டிச் சாகுது.”

கீங் கீங் என்றது. அணைந்தது.

மாமா மண்டியிட்டு அடுப்புக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். கீழ்க் குழாயைத் தொட்டார். அது சுவருக்குள் போனது. சுவரைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

அவர் திரும்பி வர நேரமானது. அதற்குள் அம்மா பால் கொடுக்க இறங்கி வந்துவிட்டாள். சேலை இடுப்புக்குக் கீழே நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அணைந்த அடுப்பைப் பார்த்தாள். தம்பியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் கணக்கப்பிள்ளை ஐயாவும் வந்தார்.

“என்னா, ஓடுதா ஓடலயா? நாளைக்கு லொறி வருது.”

அத்தை முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை. “ஐயா, நான் ஒண்ணும் செய்யலைங்க. அது தானா...”

மாமா உள்ளே வந்தார். ஸ்வெட்டருக்குள் எதையோ திணித்து ஒரு கையால் பிடித்திருந்தார். கீழே ஒரு நீல மூலை தெரிந்தது. அம்மாவைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

“எலிங்கய்யா.”

“எலியா?”

“கீழ்க் கொழாய்லதான் அடுப்புக்குக் காத்து வருது. எலி அதுக்குள்ள அடைச்சு வச்சிருக்கு. எடுத்துட்டேன்.”

கணக்கப்பிள்ளை ஐயா மாமாவின் ஸ்வெட்டரைப் பார்த்தார். அவரும் லயத்தில் பிறந்தவர்தான். அவருடைய அம்மா கொழுந்து எடுத்தவர். அவர் பார்வை நீல மூலையில் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அம்மாவின் நனைந்த சேலைக்குப் போனது.

“பெரிய எலியோ?”

“குட்டி போட்ட எலிங்க. குட்டிக்குக் குளிருதுன்னு ஓட்டைய அடைச்சிருக்கு. அதுக்கு வேற என்னா தெரியும்?”

அத்தை அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீழே பார்த்தாள்.

கணக்கப்பிள்ளை ஐயா குடையை விரித்தார். “சரி. லொறி வேணாமுன்னு சொல்லிர்றேன்.” இரண்டு எட்டு போய்த் திரும்பினார். “அந்த எலிகிட்ட சொல்லி வை. பனியில இடுப்பு நனைஞ்சா அதுக்கும் சளி புடிக்கும்.”

எலிக்கு இடுப்பு எங்கே இருக்கும் என்று நான் யோசித்தேன்.

மாமா பொத்தானை அமுக்கினார். நெருப்பு எழுந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். மஞ்சளாகவே நின்றது. அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அவள் தோள் ஆடியது. தம்பி இழுத்துக் குடிக்கிறான், அதனால் ஆடுகிறது என்று நினைத்தேன்.

அத்தை தொட்டில் கயிற்றை என் கையிலிருந்து வாங்கினாள். அவிழ்த்தாள். ஸ்டூலில் ஏறி, குழாய்ச் சுவரை விட்டுத் தள்ளி, அடுப்புக்கு எதிரே உள்ள கூரை மரத்தில் கட்டினாள். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“இங்கிட்டுக் காத்து இல்ல புள்ள,” என்றாள். “சூடும் நேரா வருது.”

அவ்வளவுதான் சொன்னாள். அம்மா திரும்பவும் மலைக்குப் புறப்பட்டபோது மாமா ஸ்வெட்டருக்குள்ளிருந்து அந்த நீலத்தை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். அத்தை அதை உதறி, அம்மாவின் இடுப்பில் சுற்றி, பின்னால் முடிச்சுப் போட்டாள். சின்னப் பிள்ளைக்குப் பாவாடை கட்டுகிற மாதிரி இறுக்கிக் கட்டினாள். அம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். அது அம்மாவின் படங்கு. கொழுந்து எடுக்கிறவர்கள் இடுப்பில் சுற்றுகிற தடித்த ரெட்டுத் துண்டு. எலி அதைத் திருடியிருக்கிறது, மாமா பிடுங்கிவிட்டார் என்று விளங்கிக்கொண்டேன். மாமா மேல் பெருமையாக இருந்தது.

அடுப்பு அதற்குப் பிறகு அணையவில்லை. புழுக்கை தீர்ந்துபோகும் வரை அந்தப் பனிக்காலம் முழுக்க எரிந்தது. தம்பியின் நெஞ்சுச் சத்தம் குறைந்தது.

எனக்கு எலிக்குட்டிகள் நினைவாகவே இருந்தது. தாய் வந்து தேடுமே என்று கீழ்க் குழாய்ப் பக்கம் ரொட்டித் துண்டு வைத்தேன். காலையில் அது இருக்காது. அத்தை பொறுக்கிப் போட்டாளோ, காக்கை தின்றதோ. குட்டிகளை என்ன செய்தீங்க என்று மாமாவிடம் கேட்டேன்.

“அதுக தாயோட சொகமா இருக்குதுக,” என்றார். என் தலையில் கை வைத்தார். அவர் கை எப்போதும் சூடாக இருக்கும்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பிறகு நானும் மலைக்குப் போனேன். முதல் நாள் படங்கு கட்டத் தெரியாமல் கட்டி, பாதி வழியில் அவிழ்ந்து விழுந்துவிட்டது. எடுத்துக் கட்ட நேரமில்லை. பனி நின்ற செடிகளுக்குள் அப்படியே நடந்தேன். ஒரு நிரை முடிவதற்குள் தொடை விறைத்துவிட்டது. கவ்வாத்து வெட்டிய குச்சி கிழித்தது. அங்கேயே நின்றுவிட்டேன். பின்னால் வந்த பெண்கள் திட்டினார்கள்.

படங்கு இல்லாமல் அம்மா எத்தனை நாள் நடந்தாள் என்று அப்போதுதான் நினைத்தேன். லயத்தில் ஓட்டை இருந்தால் சாக்கை வைத்து அடைப்போம். காற்று வரும் வழியைப் பார்த்தால் எங்கள் கை தானாகப் போகும். வீட்டிலிருந்த சாக்கெல்லாம் ஏற்கெனவே எங்கள் காம்பரா ஓட்டைகளில் இருந்தன. தம்பி கிடந்த சுவரில் ஓர் ஓட்டையைப் பார்த்தாள். இடுப்பில் இருந்ததை அவிழ்த்து அடைத்தாள். நனைந்துகொண்டு போனாள். பால் கொடுக்க வரும்போது அடுப்பு அணைந்திருப்பதைப் பார்த்து, போகும்போது இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டும் போயிருப்பாள். சாயந்தரம் எடுத்துக் கட்டிக்கொண்டு எங்களைக் கூட்டிப்போக வந்தாள். அதற்குப் பிறகுதான் மாமா வருவார். எரியும்.

அம்மாவிடம் நான் இதைக் கேட்டதில்லை. அம்மாவும் அத்தையும் இன்றைக்கும் ஒருவரை ஒருவர் குத்திப் பேசுவார்கள். தம்பி என்னைவிட உயரமாகிவிட்டான். எலிப் பேச்சு மட்டும் யார் வாயிலும் வந்ததில்லை.

அன்று பிள்ளைக் காம்பராவில் பேசத் தெரிந்தவர்கள் ஐந்து பேர். எலியை நம்பியவர் ஒருவர்.