ஜெனரேட்டர் எஞ்சின் போட்ட கார்

கல்யாணமாகி நான் ராஜபாளையம் வந்தபோது மாமனார் வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. அதில் பழைய தறிச் சாமான்களுக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்தி ஒரு கார் நின்றது. இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, மடக்கி வைக்கிற கித்தான்தான். உள்ளே உட்கார்ந்தால் பாயில் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி இருக்கும். மலை எஸ்டேட்டில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குக் கிளம்பும்போது மாமா அதை வாங்கியிருந்தார். இளவட்டத்தில் அதை ஓட்டிக்கொண்டு குற்றாலம் போன கதையை, வருகிற விருந்தாளிகளிடமெல்லாம் சொல்வார். எஞ்சினில் வெடிப்பு விழுந்து, மாற்றுச் சாமான் கிடைக்காமல், நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது நின்றுவிட்டது.

வீட்டை ஒட்டியே எங்கள் பட்டறை. ஆஸ்பத்திரிகளில் காயத்துக்கு வைத்துக் கட்டும் காஸ் துணியும் பேண்டேஜும் நெய்தார்கள். காலையில் தறிச் சத்தம் தொடங்கினால் இருட்டும் வரை ஓயாது. பஞ்சுத் தூசி ஜன்னல் கம்பியில், தலையணையில், சோற்றுப் பானை மூடியில் எல்லாம் படிந்திருக்கும். வீட்டுப் பெண்கள் வெளியே போவதென்றால் பெரிய காரில், டிரைவரோடு, என் மாமியாரான அத்தையோடுதான். கோயிலுக்குப் போனாலும் ஜவுளிக் கடைக்குப் போனாலும் நடுவில் அத்தை உட்கார்ந்திருப்பாள். நானும் என் கணவரும் மட்டும் சேர்ந்து தெருமுனை வரை நடந்ததுகூட இல்லை.

என் பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். பக்கத்து ஊர்தான். மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால், வெயில் தெளிவாக இருக்கும் நாளில், கோபுரம் தெரிவதாக எனக்குத் தோன்றும். ஆனால் அங்கே போகத் தடை. கல்யாணப் பந்தியில் மாமாவின் பெரியப்பாவை முதல் வரிசையில் உட்கார வைக்க என் அப்பா மறந்துவிட்டார். அப்பா கல்யாணக் கூட்டத்திலேயே கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அது போதவில்லை.

“அவிய எங்க வாசல்ல வந்து நின்னு கூப்பிடட்டும், பொறவு பாப்போம்” என்றார் மாமா.

“ஒரு தடவ கும்பிட்டாச்சு. இன்னொரு தடவ கும்பிட மாட்டேன்” என்று அப்பாவும் சொல்லிவிட்டாராம். இரண்டு ஆண்களின் பிடிவாதத்துக்கு நடுவே நான் மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

என் கணவரும் என்னைப் போலத்தான் அடைபட்டுக் கிடந்தார், ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர். கல்யாணத்துக்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. “பட்டறைய யாரு பாக்கது?” என்று மாமா கேட்டாராம். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. தன் அப்பாவின் முன்னால் என் கணவருக்கு நாக்கு எழும்பாது. ஆனால் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, “அந்தக் கார ஓட வச்சுப் பாக்கட்டுமாப்பா?” என்று கேட்டார். மாமா முகம் மலர்ந்துவிட்டது. “செய்யேன்லே” என்றார். அவர் மகனிடம் அப்படிச் சந்தோஷமாகப் பேசி நான் பார்த்தது அன்றுதான்.

அன்று மாலை என்னிடம் என் கணவர் சொன்னார்: “அதுல ரெண்டு சீட்டுதான இருக்கு. மூணாவது ஆளு ஏற முடியாதுல்லா.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது.

வெடித்த எஞ்சினை மதுரைக்கு அனுப்பி வெல்டிங் வைத்துப் பார்த்தோம். நிற்கவில்லை; தண்ணீர் கசிந்தது. அந்தச் சமயம் மின்வெட்டு கடுமையாக இருந்ததால் பட்டறைக்குப் பெரிய ஜெனரேட்டர் ஒன்று வாங்கினார்கள். பழைய ஜெனரேட்டரைக் கழற்றிக் கொட்டகையில் போட்டார்கள். இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின், பச்சைப் பெயின்ட், கல்லாட்டம் கனம். என் கணவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அப்புறம் ஒரு தறி நூலை எடுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்தார். எஞ்சினின் நீளத்தை அளந்து முடிச்சுப் போட்டோம். அதே நூலைக் காரின் முன்பக்கம் பிடித்தோம். “உள்ள போயிரும். உயரந்தான் இடிக்கும்” என்றார்.

அந்த எஞ்சினையும் இந்தக் காரின் கியர் பெட்டியையும் சேர்க்க நடுவில் ஒரு இரும்புத் தகடு வேண்டும். இரண்டு பக்கத்துத் துளைகளும் அதில் சரியாக விழ வேண்டும். அந்த அச்சை எடுத்தது நான். கியர் பெட்டியின் முகத்தில் செய்தித்தாளை விரித்து, கிரீஸ் கையால் தேய்த்தேன். துளைகள் கறுப்பு வட்டங்களாகப் பதிந்தன. அதைப் பார்த்து லேத் பட்டறையில் தகடு கடைந்து கொடுத்தார்கள். ஜெனரேட்டர் எஞ்சின் எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுவதற்காக அதில் கவர்னர் என்று ஒன்று உண்டு. அதன் ஸ்பிரிங்கை மாற்றி, மிதித்தால் வேகம் ஏறும்படி என் கணவர் செய்தார். கொஞ்சம்தான் ஏறும். காரின் முன்மூடி சாத்த முடியாமல் போனதால், அதைச் சதுரமாக வெட்டி ஓட்டை போட்டார். எஞ்சினின் பச்சைத் தலை அதன் வழியே எட்டிப் பார்த்தது.

அந்த மாதங்கள்தான் என் கல்யாண வாழ்க்கையில் நான் சிரித்த மாதங்கள். தறிச் சத்தத்தில் நாங்கள் பேசுவது யாருக்கும் கேட்காது. “உள்ள என்னத்தா பண்ணுத எம்புட்டு நேரமா?” என்று அத்தை முற்றத்தில் நின்று கூப்பிடுவாள். “ஸ்பேனர் எடுத்துக் குடுக்கேன் அத்தே” என்பேன். உள்ளே அவர் கோயம்புத்தூர் மழையைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்.

எஞ்சின் உயிர் பிடித்த அன்று கொட்டகைத் தகரம் முழுக்க அதிர்ந்தது. மாமா ஓடி வந்தார். ஓட்டை வழியே பார்த்தார்.

“இது எந்த எஞ்சின்லே?”

“நம்ம பழைய ஜெனரேட்டர்தாம்பா.”

 மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடது பக்க இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டார். முதல் சவாரி அவருக்கு என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அப்பாவும் மகனும் புகையைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். நான் கிரீஸ் கையோடு வாசலில் நின்றேன்.

மகன் மட்டும் காரில் திரும்பினார். பின்னால் மாமா நடந்து வந்தார். நடந்தது இதுதான்: கடைத்தெருவில் மாமாவுக்குத் தெரிந்த பருத்தி வியாபாரி ஒருவர் கல்லாவிலிருந்து எழுந்து வந்து, “என்ன மொதலாளி, டிராக்டரு எப்ப வாங்குனிய? சத்தத்தக் கேட்டு வயல்ல இருந்து வாரியளோன்னு நெனச்சேன்” என்றிருக்கிறார். கடைத்தெருவே சிரித்திருக்கிறது. மாமா அங்கேயே இறங்கிவிட்டார்.

“இனிமே இத எங்கண்ணுல காட்டாத” என்றார். அதற்குப் பின் அவர் குற்றாலம் போன கதையைச் சொல்லவில்லை. அவருக்கு அவமானமாகிப்போனதால்தான் அந்தக் கார் எங்களுடையதானது. என்னை அதில் ஏற்றிக்கொண்டு போனபோது யாரும் தடுக்கவில்லை.

ஆனால் போன இடமெல்லாம் வீட்டுக்குத் தெரிந்தது. அந்தச் சத்தம் அப்படி. தெப்பக்குளம் பக்கம் போய்விட்டு வந்தால், “தெப்பக்குளத்துக்கா போனிய? கேட்டுச்சே” என்பாள் அத்தை. ஐயனார் கோயில் பாதையில் மலையடிவாரம் வரை போய் எஞ்சினை நிறுத்தினால், திரும்பி வந்ததும், “செத்த நேரம் சத்தத்தக் காணமே, எங்கன நின்னிய?” என்பாள். அவள் கோபமாகக் கேட்கவில்லை. காதில் விழுந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.  வீட்டுச் சுவர் எங்கள் பின்னாலேயே வருகிற மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம், அந்த எஞ்சினை நிறுத்தாமல் வைத்திருந்தால் நாங்கள் பேச முடியாது. ஒருவர் காதில் ஒருவர் கத்த வேண்டும்.

ஒரு கல்யாண வீட்டில் என் ஊர்க்காரப் பெண் ஒருத்தி, “ஒங்க அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன் ஆயிருக்கே, பாக்கப் போகலியா?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அன்றே மாமாவிடம் போய்க் கேட்டேன்.

“அவிய வீட்டுல இருந்து ஆளு வந்து சொன்னாவளா?” என்றார்.

“இல்ல மாமா.”

“அப்பம் நாம எதுக்குத் தேடிப் போகணும்?”

மறுநாள் காலை என் கணவர் காரைக் கிளப்பினார். “வா” என்றார். ஊர் எல்லை தாண்டும் வரை எங்கே போகிறோம் என்று நான் கேட்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வடக்குச் சாலையில் திரும்பியதும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வேர்த்துக் கொட்டியது. இடது பக்கம் மலை கூடவே வந்தது. பின்னால் பார்க்கும் கண்ணாடி நடுங்கியதால் யார் வருகிறார்கள் என்பது தெரியவில்லை. பெரிய கார்தான் துரத்தி வருகிறது என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம்.

பாதி வழியில் டமாரென்று ஒரு சத்தம். கார் முன்பக்கம் குனிந்து, தரையில் உரசிக்கொண்டு நின்றது. இலேசான எஞ்சினுக்காகச் செய்த முன் ஸ்பிரிங், அந்தக் கனத்தை இத்தனை நாள் தாங்கி, உடைந்துவிட்டது. சுற்றிலும் பருத்திக் காடு. என் கணவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அப்போது ராஜபாளையம் பக்கமிருந்து ஒரு டவுன் பஸ் வந்தது. கூடைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுமாக நிறைந்திருந்தது. காரை வேடிக்கை பார்க்க டிரைவர் வேகத்தைக் குறைத்தார். என் கணவர் கையைக் காட்டி அதை நிறுத்திவிட்டார்.

“ஏறு.”

“நீங்க?”

“வண்டிய ரோட்டுல போட்டுட்டு எப்படி வர? அப்பா கொன்னு போடுவாரு. நீ போ, அம்மாவப் பாரு.”

ஏறினேன். கல்லூரிக்கு மூன்று வருஷம் பஸ்ஸில் போனவள் நான். அந்த வீட்டில் எத்தனை இரவு ஸ்ரீவில்லிபுத்தூர் போவதற்கு வழி யோசித்திருக்கிறேன், பஸ் ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. அந்த வீட்டுப் பெண்கள் பஸ்ஸில் போக மாட்டார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லக்கூட இல்லை. சொல்லாமலே அது எனக்குள் ஊறிவிட்டது. பின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெட்டுப்பட்ட முன்மூடிக்குப் பக்கத்தில் அவர் நின்றிருந்தார். கை காட்டவில்லை.

அம்மா கட்டிலில் படுத்திருந்தாள். ஒரு கண்ணில் காஸ் துணி வைத்துக் கட்டியிருந்தது. என் குரலைக் கேட்டதும், “யாரு கூட வந்த?” என்றாள் முதலில். “தனியா” என்றேன். என் கையைப் பிடித்தவள் சாயங்காலம் வரை விடவில்லை. அப்பா தாழ்வாரத்தில் உலாத்திக்கொண்டே இருந்தார். கிளம்பும்போது பஸ் ஸ்டாண்ட் வரை வந்தார். “இருந்துட்டுப் போ” என்று அம்மாவும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான் திரும்பியபோது கார் கொட்டகைக்கு வந்துவிட்டிருந்தது. யாரோ டிராக்டரில் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். மாமா முன் அறையில் உட்கார்ந்திருந்தார்.

“யாரக் கேட்டுப் போன?”

“யாரையும் கேக்கல மாமா.”

“நாந்தாம்பா பஸ் ஏத்திவிட்டேன்” என்றார் என் கணவர்.

“நீ பேசாதலே.”

 என் கணவர் இன்னும் ஒரு வார்த்தை சொல்வார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். தறிகள் நின்றிருந்த நேரம். வீட்டில் அப்படி ஒரு அமைதி. மாமா எழுந்து உள்ளே போனார். அதற்குப் பின் பல வருஷம் அவர் என்னோடு நேராகப் பேசவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. எப்போதாவது நான் பஸ்ஸில் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். என் கணவர் ஒரு தடவைகூட வரவில்லை. அடுத்த கோடையில் மின்வெட்டு இன்னும் மோசமானபோது, அந்தப் பச்சை எஞ்சினைக் கழற்றிப் பட்டறைக்கே கொண்டுபோனார்கள். அதைக் கழற்றிக் கொடுத்தவர் அவர்தான். கோயம்புத்தூரைப் பற்றி அப்புறம் அவர் பேசியதில்லை. பேசினால் கேட்க நான் இருந்தேன்.

ஒரு மத்தியானம் அத்தை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். “ஏத்தா, சோழபுரத்துக்குப் போற பஸ்ஸு எங்கன நிக்கும்?”

சோழபுரம் அவளுடைய பிறந்த ஊர். அவள் அண்ணன் அங்கே விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார். மாமாவுக்கும் அவருக்கும் ஏதோ மனத்தாங்கலில் பேச்சுவார்த்தை இல்லை என்று மட்டும் எனக்குத் தெரியும். அவள் அங்கே போய் எத்தனை வருஷம் என்று நான் அதுவரை கேட்டதே இல்லை.

“பஸ் ஸ்டாண்டுல தெக்குப் பக்கம் அத்தே. நாளைக்குப் போவமா? நான் கூட வாரேன்.”

“சும்மா கேட்டேன்” என்றாள். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுபடி இரண்டு மூன்று தடவை நானே பேச்செடுத்தேன். முழங்கால் வலி என்பாள். ஆடி போகட்டும் என்பாள். கடைசியில் அவள் சோழபுரம் போனது அண்ணன் இறந்த அன்று, பெரிய காரில், டிரைவரோடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். போகும் வழி முழுக்க அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே ஒவ்வொரு வீடாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.