உருளையின் மேல் நான் போட்ட கோடு

தங்கராசின் கண் போனது என்னால்தான். உலை பொங்கியதற்கு அவன் காரணமில்லை... நான்!

எடுத்த எடுப்பில் இப்படி எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நாலாம் வகுப்போடு நின்றுபோனவள் நான். கோர்வையாக எழுத வராது. மறதியும் உண்டு. ஆனால் இது மட்டும் மறக்கவில்லை. மறந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும்!

பாறசாலைக்குப் பக்கத்தில், ரப்பர் ஷீட் அடிக்கும் மெஷினுக்கு உருளை வார்க்கிற பட்டறையில் பழைய இரும்பு பிரிப்பது என் வேலை. அங்கே இருப்பது கரண்டு உலை. கரி இல்லை, விறகு இல்லை. சட்டியைச் சுற்றிச் செம்புக் குழாய்ச் சுருள். அது வெந்துபோகாமலிருக்க உள்ளே தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். கரண்டு பாய்ந்தால் சட்டிக்குள் கிடக்கும் இரும்பு தானே சிவந்து, தானே குழம்பாகிவிடும். அந்தக் குழம்புக்கு எதிரி ஈரம். அதற்கு அடியில் ஒரு கை நீர் அகப்பட்டால் போதும், எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடும்.

அதனால் உள்ளே பொள்ளையான, நீர் தங்கியிருக்கக்கூடிய இரும்பை உடைக்காமல் போடக் கூடாது. தட்டிப் பார்ப்பேன், உருட்டிப் பார்ப்பேன். சந்தேகமென்றால் கூடம் என்கிற பெரிய சுத்தியல் அடிக்கிற மணியனைக் கூப்பிட வேண்டும். சரியென்றால் சாக்பீசால் ஒரு கோடு. கோடு கண்டால் உலைக்காரன் தங்கராசு மறுபேச்சில்லாமல் உள்ளே இறக்குவான்.

உலை பொங்கியதற்கு முந்தின நாள் ஒரு பழைய உருளையை உடைக்கச் சொன்னேன். மணியன் வேர்த்து விறுவிறுத்து உடைத்தான். உள்ளே ஒன்றுமில்லை, முழுக்கெட்டி!

"மாமிக்குத் தொட்டதெல்லாம் வெடிகுண்டாக்கும்! வீட்டில தேங்கா ஒடைக்கவும் போலீசக் கூப்பிடுவியளா?" என்றான். பட்டறையே சிரித்தது.

தங்கராசு மட்டும் சிரிக்கவில்லை. "எலே, சும்மா கெட. மாமி கோடு போட்டாத்தான் எனக்குத் தைரியம்."

மறுநாள் காலை நல்ல மழை. இன்னொரு உருளையைக் காலால் தள்ளினேன். உள்ளே களக்கென்று ஒரு சத்தம்... இளநீரை ஆட்டினால் கேட்குமே, அதுபோல. மணியன் நாலு பேரோடு நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தான். கூப்பிட வாயெடுத்தேன். நேற்றைய சிரிப்பு காதில் விழுந்தது. சிறுவயதிலிருந்தே ஆட்கள் பார்க்கச் சத்தமாகப் பேச வராது எனக்கு. கூரைத் தகரத்தில் மழை விழுகிற சத்தமாயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோடு போட்டேன்.

ஏன் போட்டேன்? ஒரு சிரிப்புக்குப் பயந்தா? ஆம்... வெறும் சிரிப்புக்கு!

தங்கராசு சொல்ல, இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். அவன் மேலே நின்று கம்பியால் அழுத்தினான். கூரை வரைக்கும் நெருப்பு எழுந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"எறக்குறவன்தான் பாத்து எறக்கணும்" என்றார் முதலாளி. கோடு போட்ட உருளை உருகிப் போயிருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட முகத்தோடு அவன் சொன்னதைக் கேளுங்கள்: "எங் கம்பியில ஈரம் இருந்திருக்கும் மாமி. மழையில சாத்தி வச்சிருந்தேன். வேற ஆருக்காவது பட்டிருந்தா நான் என்ன செய்வேன்?"

"கஞ்சியக் குடி மக்கா" என்றேன். நான் எப்படிப்பட்டவள்?

இத்தோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. சென்ற மாதம், வெள்ளறடைப் பக்கம் புதிதாகக் கரண்டு உலை வைக்கிற ஒருவர் என் வீட்டு வாசலுக்கே வந்தார். ஒற்றைக் கண்ணானாலும் தங்கராசுக்கு உலையின் பதம் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஒருமிச்சு வேல பாத்தவங்கதானே அம்மா. ஆளு சிரத்தை உள்ளவனாக்குமா?"

அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். தப்பு அவனுடையதில்லை என்று ஒரே வாக்கியம்தான்... ஆனால் நான் சொன்னது இது:

"எனக்கு ஒண்ணும் தெரியாது சாரே."

அவர் அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ அப்படியே எடுத்துக்கொண்டு போனார். வேறு ஆளை வைத்துவிட்டார். தங்கராசு இப்போது காரோடு என்கிற ஊரில் கிடைத்த கூலி வேலைக்குப் போகிறான். அவனுக்குப் பார்வையில்லாத பக்கமாக நடந்துபோக நான் பழகிவிட்டேன். என்னைக் கண்டால் நலம் விசாரிப்பான் என்று பயம்!

கரண்டு உலை வேலை தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதிய விவரம் சரிதானா என்று பார்த்துச் சொல்லுங்கள். உருளைக்குள் அடைபட்ட நீருக்குத்தான் அப்படிப் பொங்குமா? நனைந்த கம்பிக்கும் பொங்குமா? செம்புச் சுருளில் ஓடுகிற தண்ணீர் கசிந்துகூட அது நடந்திருக்கலாமோ?

இருக்கலாம் என்று நீங்கள் சொல்லிவிட்டால், அதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் வாயை மூடிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது...

ஆனாலும் பார்த்துச் சொல்லுங்கள்.